தூண்டில் போடாத குழாயில் ஒளிர்ந்தவளுக்கு

என் நாத்தனாரே, என் சண்டைக்காரியே, சரசு,

பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு நாலு வரி நினைவஞ்சலி கொடுத்துவிடலாம் என்று உன் அண்ணன் சொன்னார். "நாலு வரியில உங்க தங்கச்சி அடங்குவாளா?" என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அதனால் நானே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். நீயும் நானும் பேசினால் கிள்ளான் பாசார் சந்தை முழுக்கக் கேட்கும் என்பது ஊருக்கே தெரிந்ததுதானே.

அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தேன். நீ வந்தாய். நம் வாழையிலைக் கொட்டகையில் இலை கழுவும் சிமெண்டுத் தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாய். உன்னைச் சுற்றி வாழையிலைகள் மெல்ல வட்டமடித்தன. தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் விழுந்து தண்ணீர் முழுக்கப் பச்சை. உன் முகமும் பச்சை. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு, இது கனவுதான் என்று.

விழித்ததும் போய்த் தொட்டியைப் பார்த்தேன். ஆள் இல்லை, காற்றும் இல்லை, தண்ணீர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கனவை நம்பி நான் ஒரு கட்டு இலைகூட வாங்கியது கிடையாது. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

அதற்குமுன், உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இவள் என் வீட்டுக்காரரின் தங்கை. ரவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவள். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே அவளுடைய கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கறுத்து, வரிவரியாகப் பிளந்து, பிறகு சரியாக வளரவே இல்லை. புருஷன் செத்த பிறகு, இடுப்பில் மகள் மாலினியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாத்தனார் வந்தால் அண்ணிக்குத் தலைவலி என்பார்கள். எனக்குத் தலைவலி வந்தது உண்மைதான். கூடவே வியாபாரமும் வந்தது.

ஞாபகம் இருக்கிறதா சரசு? கம்பத்துக் கிராம வீடுகளின் ஓரங்களில் கேட்டு வாங்கிய இலைகளை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போவோம். நான் ஓட்டுவேன். நீ பின்னால் இலைக்கட்டை அணைத்துக்கொண்டு உட்காருவாய். எதிரே வருகிறவர்களுக்கு ஒரு வாழைமரம் சாலையில் போகிற மாதிரி இருக்கும். கடைக்காரர் விலையைக் குறைத்துக் கேட்டால் நான் பேரம் பேசுவேன். நீ பேச மாட்டாய். ஒரு நுனியிலையை எடுத்து, தண்ணீர் தெளித்து, உன் முந்தானையால் துடைத்து, அவர் மேசை மேல் விரிப்பாய். "பாஸ், இத பாத்தா பசிக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க." அதோடு பேரம் முடிந்துவிடும்.

அப்புறம் சுங்கை பூலோவில் அந்த ஓடைக்கரை நிலம். குத்தகைக்கு எடுத்தது நான், கன்று ஊன்றியது நீ. முதல் கன்றை எங்கே வைப்பது என்று நமக்குள் சண்டை. மேட்டில் வைக்கலாம் என்றேன். "தண்ணி பக்கத்துல வச்சா அது பாட்டுக்கு வளரும் அண்ணி, நமக்கு வேலை மிச்சம்" என்று ஓடைப் பக்கம் வைத்தாய். நீ சொன்ன மாதிரியே வளர்ந்தது. இன்றைக்கு அது ஒரு பெரிய வாழைக்கூட்டம். அதற்குள் நுழைந்தால் வெளிச்சம் கூடப் பச்சையாகத்தான் வரும். உன் திதிக்குப் படையல் போடுகிற இலையை வருஷா வருஷம் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வெட்டுகிறேன். உன் கையால் வைத்த மரத்தின் இலையில் உனக்கே சோறு. வேறு இலையில் போட்டால் நீ சாப்பிட மாட்டாய் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இந்த வருஷம் அந்த இலைக்குத்தான் ஒரு சங்கடம் வந்தது.

உன் மகள் பெரிய படிப்பு படிக்கிறாள். பெட்டாலிங் ஜெயா பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். என்ன ஆராய்ச்சி என்று யார் கேட்டாலும் "மருந்து கண்டுபிடிக்கிறா" என்று உன் அண்ணன் சொல்லிவிடுவார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். "மாமா, மருந்து கண்டுபிடிக்கல. மருந்து எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறேன். பூச்சிமருந்து. தண்ணில, மண்ணுல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு வந்தாள். நான் இலையின் நடுத்தண்டைச் சீவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் சீவ ஆரம்பித்தாள். உன்னைப் போலவே கத்தியை உள்பக்கம் பார்த்துப் பிடிக்கிறாள், எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை.

"அத்தை, நான் செய்யுறது டிஎன்ஏ-ல ஒரு சின்ன நூல்."

"டிஎன்ஏன்னா தகப்பன் யாருன்னு கேஸ் போட்டுப் பாக்குறது இல்ல?"

சிரித்தாள். "அதே சாமான்தான். ஆனா இது யார் உடம்புல இருந்தும் வரல. எழுத்து வரிசைய எழுதி ஆர்டர் பண்ணா, செஞ்சு, காய்ஞ்ச தூளா அனுப்புவாங்க."

டிஎன்ஏவை ஆர்டர் பண்ணலாமாம் சரசு! நாம் இலைக்கு ஆர்டர் எடுக்கிற மாதிரி. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். முதலில் எண்ணவே முடியாத அளவு நூல்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மடங்கும். பூச்சிமருந்தை மணிமணியான சிறு உருண்டைகளின் மேல் ஒட்டவைத்து, நூல்கள் எல்லாவற்றையும் அதன்மேல் ஊற்றுவார்கள். பிறகு கழுவுவார்கள். முக்கால்வாசிக்கு மேல் கழுவிக்கொண்டு போய்விடும். எது விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ, அதை மட்டும் எடுத்துப் பெருக்கி, மறுபடி ஊற்றி, மறுபடி கழுவுவார்கள். இப்படியே திரும்பத் திரும்ப. கடைசியில் எந்தக் கழுவலுக்கும் அசையாத ஒரு நூல் மிஞ்சும். அந்த மருந்தைத் தண்ணீரில் எங்கே பார்த்தாலும் போய்க் கட்டிக்கொள்ளும். அதற்கு மாலினி வைத்த பெயர்தான் தூண்டில்.

"இது பொண்ணு பாக்குற மாதிரி இல்ல இருக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு மட்டும் வேறொரு ஞாபகம். உன் புருஷன் செத்த வருஷம் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு போனதும், நீ மட்டும் என் கூட நின்றதும்.

நூலின் ஒரு முனையில் ஒரு துளி வெளிச்சம் வைத்திருக்கிறார்களாம். மறுமுனையில் அதை அமர்த்தி வைக்க ஒரு மூடி. நூல் சும்மா இருக்கும்போது மூடி விளக்கின் மேலேயே இருக்கும், இருட்டுதான். மருந்தைக் கட்டிப் பிடிக்கும்போது நூல் வேறு மாதிரி மடங்கும். மூடி விலகும். நீல விளக்கின் கீழே வைத்துப் பார்த்தால் குழாய் ஒளிரும். நாம் இலையை மடித்துப் பொட்டலம் கட்டுகிறோமே, அது மாதிரி மருந்தை மடித்துக்கொள்கிறதாம்.

"நல்லாத்தான் இருக்கு. இத யாரு வாங்குவா?" என்று கேட்டேன். நான் வேறு எதைக் கேட்பேன்?

"இப்போதைக்கு யாரும் வாங்க மாட்டாங்க அத்தை. ஆய்வுக்கூடத்துத் தண்ணில நல்லா வேலை செய்யுது. அழுக்குத் தண்ணில, இலைச்சாறு கலந்த தண்ணில செய்யுமான்னு பாக்கணும். உங்க தண்ணி கொஞ்சம் வேணும்."

"எடுத்துக்கோ. கடைப் பேர மட்டும் எங்கயும் போடாத."

பாட்டில் பாட்டிலாக எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒன்று. ஓடைத் தண்ணீர், உன் வாழைக்கூட்டத்தின் காலடியிலிருந்து. பிறகு நம் கழுவும் தொட்டியின் தண்ணீர். போகும்போது என்னிடம் கேட்டாள், எழுதிக்கொள்வதற்காக: "அத்தை, தொட்டில என்ன போடுவீங்க? சோப்பு, குளோரின் ஏதாச்சும்?"

"ஒன்னும் போடுறதில்ல. பச்சைத் தண்ணிதான்."

உண்மையாகத்தான் சொன்னேன் சரசு. என் மனசறிந்து சொன்னேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. குரல் சரியில்லை. குழாய்த் தண்ணீர் இருட்டாக இருக்கிறது. ஓடைத் தண்ணீர் கொஞ்சம் ஒளிர்கிறது. நம் தொட்டித் தண்ணீர்தான் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக ஒளிர்கிறது.

"அப்படின்னா?"

"இன்னும் சரிபாக்கணும் அத்தை. அவசரப்படாதீங்க."

அவசரப்படாதே என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? நம் இலையில்தான் பாதி பிரிக்பீல்ட்ஸ் மத்தியானச் சோறு சாப்பிடுகிறது. ஆபீஸ்காரர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், நடை பழகுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள். சுடுசோற்றை நேராக இலை மேல் கொட்டுகிறார்கள். குழம்பு வழிகிறது. கடைசியில் விரலால் வழித்து நக்குகிறார்கள். அதையெல்லாம் இத்தனை நாள் என் வியாபாரத்தின் அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். அடுக்கி வைத்த இலைக்கட்டுகள் பளபளவென்று இருந்தன. பார்த்தால் பசித்தது. அதுதான் பயமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்குத் தெரியவில்லை. உன் நகத்துக்குத் தெரிந்தது ஒருகாலத்தில். வேறு மருந்து, வேறு இடம். ஆனாலும் உன் விரல்கள்தான் கண்ணுக்குள் வந்து நின்றன.

மறுநாள் லோரியில் நம் இலையை ஏற்றவில்லை. கிள்ளானில் நமக்குப் போட்டியாக இருக்கிறானே, அவனிடமே போய் இலை வாங்கி அனுப்பினேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "என்னக்கா, சரசக்கா தோட்டம் காய்ஞ்சு போச்சா?" என்றான். "தோட்டத்துக்கு லீவு விட்டிருக்கேன்டா, நீ இலைய எடு" என்றேன்.

அந்த இலையைப் பார்த்துவிட்டு மணியம் பாஸ் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிட்டார். உன்னிடம் பேரத்தில் தோற்ற அதே மணியம்தான். இப்போது தலை முழுக்க நரை.

"அக்கா, என்ன இது? கிழிஞ்ச இலையா அனுப்பியிருக்கீங்க. ரசம் ஊத்துனா மேசைக்குப் போகுது லா!"

"ரெண்டு நாள் பொறுத்துக்குங்க பாஸ். நம்ம இலையில ஒரு சந்தேகம்."

"என்ன சந்தேகம்? இத்தன வருஷமா சாப்பிட்டு யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகல. ஆகுமான்னுதான் சந்தேகம்."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேற யாருன்னா அனுப்பிட்டு வாய மூடிக்கிட்டு இருப்பாங்க அக்கா. சரி, ரசத்த கிண்ணத்துல ஊத்திக் கொடுக்குறேன். சீக்கிரம் பாருங்க."

அந்த நாட்களில் தூக்கம் தூக்கமாக இல்லை, முழிப்பும் முழிப்பாக இல்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெறும் தண்ணீர். வானம் அதில் மிதக்கும். ஒரு இலையின் கிழிசல் வழியாகப் பறவை ஒன்று தண்ணீருக்குள் பறந்து போகும். இதற்குள் எங்கே இருக்கிறது அது? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? வை அண்ணி, பாத்துக்கலாம் என்றா? அல்லது நீயும் என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாயா?

மாலினி மறுபடி கூப்பிட்டாள். "அத்தை, கிளம்பி வாங்க. நேர்ல பாக்கணும்."

போனேன். நீ பார்க்க வேண்டிய இடம் சரசு அது. வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே ஒரு சின்ன அறை. ஜன்னலை எல்லாம் மறைத்து வைத்திருந்தார்கள். ஏசிக் குளிர். மேசை மேல் ஒரு பெட்டி. அதற்குள் நீல வெளிச்சம். முன்னால் ஆரஞ்சு நிறக் கண்ணாடி. சுண்டுவிரல் நகம் அளவு குழாய்கள் வரிசையாக நின்றன. கடலுக்கு அடியில் யாரோ விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. நான் சத்தம் போடாமல் மூச்சு விட்டேன். ஏனென்று கேட்காதே, அந்த அறையில் அப்படித்தான் தோன்றியது.

"இங்க பாருங்க. இது உங்க தொட்டித் தண்ணி, தூண்டில் போட்டது."

ஒளிர்ந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு வெளிச்சம், மின்மினியைப் போல.

"இப்ப பக்கத்துல இருக்குறத பாருங்க. இதுவும் உங்க தொட்டித் தண்ணிதான். ஆனா இதுல நான் தூண்டிலே போடல."

அதுவும் ஒளிர்ந்தது. அதே வெளிச்சம்.

"தூண்டில் போடாம எப்படி?"

"அதைத்தான் நான் உங்கள கேக்குறேன் அத்தை. நூல் இல்ல, விளக்கு இல்ல. தண்ணில கொஞ்சம் ஸ்பிரிட் சேப்போம், அவ்வளவுதான். தண்ணிக்குள்ளயே ஏதோ தானா ஒளிருது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தொட்டில என்ன போடுறீங்க?"

"ஒன்னும் போடலன்னுதானே சொல்றேன். தண்ணி புடிப்போம், மஞ்சத்தூள் ஒரு கை போடுவோம், இலைய முக்குவோம், எடுப்போம்."

மாலினி என்னையே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

"அத்தை. மஞ்சள்."

"ஆமா, மஞ்சள். அதுக்கென்ன?"

"ஒன்னும் போடலன்னு சொன்னீங்க!"

"மஞ்சள் எப்படிடீ 'போடுறது' ஆகும்? அது மஞ்சள்!"

சரசு, அந்தப் பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. நீல விளக்கின் கீழே மஞ்சள் தானாகவே ஒளிருமாம், அதுவும் ஸ்பிரிட்டில் கரைந்தால் இன்னும் நன்றாக. பல நாள் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது உன் மஞ்சள்.

உன் மஞ்சள்தானே? அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவள் நீ. "சோறு போடுற இலை அண்ணி, பச்சத் தண்ணில கழுவுனா குளிக்காம கோயிலுக்குப் போற மாதிரி" என்பாய். டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளித் தொட்டியில் தூவுவாய். அந்த உடைந்த நகங்களுக்குள் மஞ்சள் ஏறி, உன் கட்டைவிரல் எப்போதும் பொன் பூசின மாதிரி இருக்கும். நீ போன பிறகும் நான் தூவுகிறேன். வேலைக்கு இருக்கிற பெண்கள் தூவுகிறார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. காலையில் கதவைத் திறக்கிற மாதிரி, அதுவும் ஒன்று. யாராவது கதவைத் திறந்ததை எழுதிக்கொடுப்பார்களா?

பொய்யான வெளிச்சம் என்றாள் மாலினி. ஆய்வில் இதற்கு மதிப்பில்லை, தள்ளிவிட வேண்டியது. நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்டில் இல்லை, யாரும் பிடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஒளிர்ந்துகொண்டு நின்றது. உன் மகளின் ஆராய்ச்சியைப் பார்க்க நீயே வந்துவிட்டாய் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் கண்ணும் அந்தக் குழாய் மேல்தான் இருந்தது.

"அம்மா எனக்கு எக்ஸ்பெரிமென்ட்ட கெடுத்து வச்சிருக்காங்க அத்தை" என்றாள் கடைசியில்.

"உங்கம்மா எனக்குக் கெடுக்காத வியாபாரமா?" என்றேன்.

மஞ்சள் போடுவதற்கு முன்பே தண்ணீர் எடுத்து, தூண்டில் போட்டு மறுபடி பார்த்தாள். நம் தொட்டி இருட்டாக இருந்தது. உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்தேன். அத்தனை இனிப்பான தேத்தண்ணியை அதற்குமுன் குடித்ததில்லை.

ஆனால் சரசு, கதை அங்கே முடியவில்லை. முடிந்திருந்தால் உன்னிடம் சிரித்துச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன், இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

ஓடைத் தண்ணீர். அதில் மஞ்சள் இல்லை. தூண்டில் போடாத குழாயில் அது இருட்டு. தூண்டில் போட்டால் வெளிச்சம். மெல்லிய வெளிச்சம்தான், ஆனால் உண்மையான வெளிச்சம். பெரிய மெஷின் ஒன்று இருக்கிறதாம், அதில் கொடுத்தும் பார்த்துவிட்டாள். அதுவும் அதையே சொன்னது. பூச்சிமருந்தின் பெயரையும் சொன்னாள், என் நாக்கில் நிற்கவில்லை.

"இலையில இருக்கா?" என்று கேட்டேன்.

"இலையில எதுவும் தெரியல அத்தை. தண்ணில இருக்கு."

"அப்ப இலையில இல்லைன்னு சொல்றியா?"

"இல்லைன்னு சொல்லல. தெரியலன்னு சொல்றேன். என் நூல் இன்னும் அவ்வளவு கெட்டிக்காரி ஆகல."

எனக்கு அந்தப் பதில் பிடித்தது. சரக்கைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்களிடம்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். அப்புறம் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததையும் கேட்டுவிட்டேன். உன்னைப் பற்றி. நீ சுமந்தாயே ஒரு மருந்து, அதுதான் உன் மூச்சைக் கடைசியில் வாங்கியதா என்று. ஆஸ்பத்திரியில் யாரும் தெளிவாகச் சொல்லவில்லையே.

உன் மகள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அவளுடைய நகங்கள் வட்டமாக, இளஞ்சிவப்பாக, அழகாக இருக்கின்றன. "அது வேற மருந்து அத்தை. இந்த நூலு அத பிடிக்காது. பிடிச்சாலும், அம்மாவுக்கு இனிமே என்னால பதில் சொல்ல முடியாது. ஓடைக்குச் சொல்ல முடியும்."

அங்கிருந்து கிளம்பும்போதே ஒரு முடிவு எடுத்துவிட்டேன்.

உன் வாழைக்கூட்டத்தில் இப்போது நான் இலை வெட்டுவதில்லை. மேட்டு வரிசையில் மட்டும் வெட்டுகிறேன். அங்கே குழாய்த் தண்ணீர், மழைத்தண்ணீர். இலை குறைந்துவிட்டது. கல்யாண மாதம் வேறு. இரண்டு கடைகளை அந்தக் கிள்ளான்காரனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். போகட்டும். எனக்குத் தெரியாத சரக்கை நான் விற்க மாட்டேன், அவ்வளவுதான்.

ஓடை எங்கிருந்து அதைக் கொண்டுவருகிறது என்று பார்க்க வேண்டாமா? மேலே ஒரு சீனக் கிழவர் கீரை போடுகிறாரே, ஆ லெங் அங்கிள். உனக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுப்பாரே, அவர்தான். எல்லாரும் அவரைத்தான் கைகாட்டினார்கள். நான் சண்டைக்குப் போகவில்லை. ஒரு சீப்புப் பழத்தையும் ஓடைத் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மலாயில் பேசினார், நானும் மலாயில் சொன்னேன். பாட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நான் அடிக்கிறேன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா எனக்கும் தண்ணி மேல இருந்துதானே வருது? என் தோட்டத்துக்குத் தலைமாட்டுல எடுத்துப் பாரு. அப்புறம் என்னை ஏசு."

நியாயம்தானே? அவருடைய தோட்டத்துக்கு மேல்பக்கம் தண்ணீர் எடுத்தோம். மாலினி பார்த்தாள். அங்கேயும் ஒளிர்கிறது. கீழே இருப்பதைவிட மங்கலாக, ஆனால் ஒளிர்கிறது. அவர் பங்கும் உண்டு, அவருக்கு மேலே யாருடையதோ பங்கும் உண்டு. கிழவர் அதைக் கேட்டுவிட்டுத் தன் கீரையில் ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்தார். "அதைத்தான் நானும் என் பெண்டாட்டியும் சாப்பிடுறோம்" என்றார். இப்போது அடுத்த தடவை அவரும் எங்களோடு வருகிறேன் என்கிறார். அரிவாள் எடுத்து வருவாராம், மேலே புதர் அதிகமாம்.

நேற்று நானும் மாலினியும் உன் வாழைக்கூட்டத்துக்குள் போனோம். பத்துமணி வெயில் இலை வழியாக வடிந்து தரையெல்லாம் பச்சை வட்டங்கள். ஓடைச் சத்தம். அந்தத் தண்ணீரைப் பார்த்தால் கையில் அள்ளிக் குடிக்கத் தோன்றும் சரசு, அத்தனை தெளிவு. மாலினி பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தாள். தண்ணீர் உள்ளே போகிற சத்தம், குழந்தை பால் குடிக்கிற மாதிரி. தாய்மரத்தைச் சுற்றி நிறையக் கன்றுகள் விட்டிருந்தன. நல்லதாகப் பார்த்து ஒன்றைத் தோண்டி எடுத்தேன்.

அதை மேட்டில் ஊன்றினேன். நான் முதலில் சொன்ன அதே இடத்தில். இத்தனை வருஷம் கழித்து அந்தச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ அன்றைக்குக் கன்று வைத்தபோது ஓடை நல்ல ஓடைதான். மாலினி அந்தக் கன்றின் மண்ணைக் கழுவித்தான் வைக்க வேண்டும் என்றாள். குழாய்த் தண்ணீரில் கழுவினோம். பழக்கதோஷத்தில் என் கை மஞ்சள் டப்பாவைத் தேடியது. "போடுங்க அத்தை, இது எக்ஸ்பெரிமென்ட் இல்ல" என்றாள் உன் மகள். போட்டேன்.

அடுத்த வாரம் உன் திதி. இந்த வருஷம் படையல் மேட்டு வரிசை இலையில்தான். நுனியிலை, கிழிசல் இல்லாதது, நானே வெட்டுவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வந்து சாப்பிடு. நீ வைத்த மரத்தின் இலை இல்லையே என்று கேட்பாய். கேள். அந்த இலையைப் பற்றி எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாத இலையில் ஊருக்கே சோறு போடாதவள் உனக்கு மட்டும் போடுவேனா?

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். மழை விட்டதும் மாலினியும் நானும் அந்தக் கிழவரும் ஓடையோடு மேலே நடக்கப் போகிறோம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பாட்டில். எந்தத் தோட்டம் வந்தாலும் பழத்தை நீட்டி, பாட்டிலைக் காட்டி, பேசிவிட்டுத்தான் அடுத்த வளைவு. பேரம் பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வளைவில் தூண்டில் போட்ட குழாய் இருட்டாகிறதோ அதுவரை போவோம். பிறகு அந்த இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டு வருவோம், உன் வாழையின் காலடி வரைக்கும். முழங்கால் வலிக்கும். வலிக்கட்டும். அது வந்து சேருகிற வருஷம் உன் இலை உனக்கு.

அதுவரை மாலினியின் மேசையில் எல்லாக் குழாயும் இருட்டாகவே இருக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன். ஒன்றைத் தவிர. தூண்டில் போடாத அந்த ஒரு குழாயை அவள் கொட்டவில்லை, தெரியுமா? பயனில்லாத ரீடிங் என்று அவளே சொன்னாள். ஆனாலும் மூடி போட்டு, வெளிச்சம் படாத பெட்டிக்குள், குளிரில் வைத்திருக்கிறாள். எப்போதாவது நீல விளக்கின் கீழே எடுத்துப் பார்ப்பாளாம்.

மங்கினால் சொல் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். தொட்டியில் மஞ்சள் தண்ணீர் இன்னும் நிறைய இருக்கிறது.

விரலெல்லாம் மஞ்சளோடு,
உன் அண்ணி